வல்லத்துக் கல்யாணத்தில் நான் பாடிய கதை

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கல்யாணமாகி எட்டாவது மாதம் என் கணவருக்குச் செஞ்சி ரிஜிஸ்தர் ஆபீசுக்கு மாற்றலாயிற்று. நான் பிறந்து வளர்ந்தது கும்பகோணம். வந்து இறங்கிய நாளிலிருந்து ஒரே புலம்பல். "எங்க ஊர்ல மார்கழி பொறந்தா தெருவுக்குத் தெரு கச்சேரி. நாடகக் கம்பெனி கொட்டகை போட்டா மூணு மாசம் பிரிக்கமாட்டான். இங்க என்ன இருக்கு? எந்த ஜன்னலைத் திறந்தாலும் கல்லு."

ஒரு நாள் அவர் பொறுக்கமாட்டாமல், "சரி, தையிலேருந்து பங்குனி வரைக்கும் பாரு. இந்தச் சுத்துவட்டாரத்துல என்னென்ன கலை இருக்கோ அத்தனையும் காட்டறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் அதே ஆபீசில் நகல் எழுதும் ஒருவர். சிங்கவரத்துக்காரர், தினமும் சைக்கிளில் வருவார். எங்கே என்ன நடக்கிறது என்று அவரைத்தான் கேட்கவேண்டும். "நம்பிப் போங்க அண்ணி, பிரமாதமா இருக்குதாம்" என்பார். அந்த 'தாம்' என்பதை நான் கவனித்திருக்கவேண்டும். மனிதர் எதையுமே நேரில் போய்ப் பார்த்ததில்லை.

முதலில் பள்ளிக்கூடத்தில் சித்திர வாத்தியார் வைத்த கண்காட்சி. இருபத்திரண்டு படங்கள். பார்த்தவரை அத்தனையும் செஞ்சிக் கோட்டை நிற்கும் ராஜகிரி மலை. "இது காலை வெயில்ல. இது மழைக்கு முன்னாடி. இது எனக்கு ஜுரம் வந்தப்ப" என்று ஒவ்வொன்றாக விளக்கினார். வேறெதுவும் வரைவதில்லையா என்று என் கணவர் கேட்டார். "வேற எது சார் ஆடாம அசையாம ஒக்காந்து குடுக்குது?" என்றார் வாத்தியார்.

கடைசிப் படம் எனக்கு உண்மையாகவே பிடித்துப்போயிற்று. "இது எந்தப் பக்கத்திலேருந்து பார்த்த மலை? உச்சியில மூட்டம் போட்டிருக்கே" என்றேன். வாத்தியார் முகம் செத்துவிட்டது. அது போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த அவருடைய மாமியார். அந்த அம்மாள் அதே போர்வையோடு எனக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "நான் அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே" என்றார்.

அடுத்தது, பக்கத்துக் கிராமத்தில் மாதா கோயில் திருவிழா நாடகம். பட்டப்பகலில் நடந்தது. தேவதூதரை அங்கே சம்மனசு என்பார்கள். சம்மனசைப் புளியமரத்துக் கிளையிலிருந்து கயிற்றில் இறக்கினார்கள். பாதி வழியில் கயிறு சிக்கிக்கொண்டது. வெள்ளை இறக்கையோடு ஆள் அந்தரத்தில் தொங்குகிறார், வசனத்தை மட்டும் விடாமல் சொல்லுகிறார். கீழே நின்ற பிசாசு, நிஜத்தில் அவருடைய மைத்துனர், கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு கையிலிருந்த ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு, "பயப்படாத மாமா, என் தோள்ல காலை வையி" என்று போய் நின்றுகொண்டார். சம்மனசு பிசாசின் தோளில் ஏறி உட்கார்ந்தபடியே அதைச் சபித்து முடித்தார். நான் சிரித்துவிட்டேன். "இன்னா சிரிப்பு? சாமி நாடகம்!" என்று பக்கத்திலிருந்த அம்மாள் என் தொடையில் கிள்ளினார்.

பங்குனியில், செஞ்சிக்குப் பக்கத்திலேயே இருக்கும் வல்லத்தில் ஒரு பெரிய விவசாயி வீட்டுக் கல்யாணம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பாடகர் வருகிறார் என்று சிங்கவரத்துக்காரர் சேதி கொண்டுவந்தார். அழைப்பில்லாமல் எப்படிப் போவது என்றேன். "நான் சொல்லி வச்சிருக்கேன் அண்ணி. ராஜ மரியாதை நடக்கும்."

பெட்ரோல் கிடைக்காத நாட்கள். பஸ்ஸுக்குப் பின்னால் அடுப்பைக் கட்டிக் கரியில் ஓட்டினார்கள். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளவேண்டும். வல்லம் போய்ச் சேர்ந்தபோது என் கணவர் வேட்டியும் என் முகமும் ஒரே நிறம்.

பெண்ணின் அம்மா பந்தல் வாசலுக்கே ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "கும்பகோணத்தம்மா வந்துட்டாங்க! பாட்டுக்காரரு பஸ்ஸு இன்னும் வர்ல. அதுவரைக்கும் நீங்க பாடுங்கம்மா." சிங்கவரத்துக்காரர் என்ன சொல்லி வைத்திருந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. நான் இல்லாமல் கும்பகோணத்தில் கச்சேரியே நடக்காதாம்.

என் சங்கீதம் இவ்வளவுதான்: பத்து வயதில் மூன்று மாதம் பாட்டு வாத்தியார் வந்தார், பிறகு அவராகவே நின்றுகொண்டார். நான் பீற்றிக்கொண்ட ஊர்க் கச்சேரிகளிலும் முதல் பாட்டு முடிவதற்குள் அம்மா மடியில் தூங்கிவிடுவேன். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். "தொண்டையக் கனைக்கிறாங்க, சத்தம் போடாதீங்க" என்றது ஒரு குரல். கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சாப்பாட்டுப் பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரிந்த ஒரே பாட்டை ஆரம்பித்தேன். பல்லவி வந்தது. அடுத்த வரி வரவில்லை. பல்லவியையே ஆறு தரம் பாடினேன். ஏழாவது தரம் எனக்கே வெட்கமாகி, என் அக்கா குழந்தைக்குப் பாடும் தாலாட்டுக்குத் தாவிவிட்டேன். தாலாட்டு சௌகரியமானது. மறந்த இடத்தில் மாமனையோ அத்தையையோ போட்டு நிரப்பிக்கொள்ளலாம். கால் மணி நேரத்தில் பந்தலிலிருந்த குழந்தைகள் எல்லாம் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டன. மாப்பிள்ளைக்கும் தலை தொங்கிற்று.

பெண்ணின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மூணு நாளா இதுங்க போட்ட ஆட்டத்துல நான் ஒரு நிமிசம் ஒக்காரல. நீ நல்லா இருக்கணும்மா."

அப்போதுதான் நிஜப் பாடகர் வந்தார். முகமெல்லாம் கரி, செருப்பு கையில். அவசரமாகச் சுருதி சேர்க்க உட்கார்ந்தவரிடம் பெண்ணின் அம்மா போய், "ஐயா, கொஞ்சம் மெதுவாப் பாடுங்க. புள்ளைங்க எழுந்துடப் போவுது" என்றார்.

அவர் அந்த அம்மாளைப் பார்த்தார். வரிசையாகக் கிடந்த குழந்தைகளைப் பார்த்தார். சரியென்று தலையாட்டினார். ஒரு மணி நேரம், பக்கத்து ஆளிடம் ரகசியம் சொல்லுவதுபோல, அடிக்குரலில் பாடினார். மிருதங்கக்காரர் விரல் நுனியால் தொட்டுத் தொட்டு வாசித்தார். காதில் விழவேண்டுமே என்று கூட்டம் முழுவதும் நகர்ந்து நகர்ந்து மேடையடிக்கே வந்துவிட்டது. நான் கண்ணை மூடாமல் ஒரு கச்சேரியை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான். ஓரிடத்தில் அழுகை வந்துவிட்டது. கரியைத் துடைப்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் சிங்கவரத்துக்காரர் எங்களுக்கு எதையும் சிபாரிசு செய்யவில்லை. ஊருக்கு என்னைச் சிபாரிசு செய்ய ஆரம்பித்துவிட்டார். அடுத்த இரண்டு மாதத்தில் இரண்டு கல்யாண வீடுகளிலிருந்து ஆள் வந்தது. "கச்சேரிக்கு ஆள் இருக்குது. அம்மா வந்து புள்ளைங்களத் தூங்க வச்சாப் போதும்." ஒன்றுக்குப் போனேன், மேல்சித்தாமூரில் ஒரு சமணர் வீடு. ஆறு குழந்தைகளில் நாலுதான் தூங்கின. இருட்டினால் சாப்பிடாதவர்கள், பொழுது சாய்வதற்குள் பந்தி போட்டுவிட்டார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது.