பரிஸில் எடுத்த சீட்டு

செல்வமலர் கடைக்குள் நுழைந்ததும் நேரே கவுன்டருக்குப் போனதில்லை. அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று விலைகளைப் பார்ப்பாள். வரிசை கலைந்து ஒருவரும் இல்லை என்று ஆன பிறகுதான் போய், லொத்தர் இலக்கம் குறித்த துண்டை நீட்டுவாள். மனோர் பார்க்கில் அந்தக் கடையை நடத்தும் புவனேந்திரன் பன்னிரண்டு வருடமாக இதைக் கவனித்து வருகிறார். அவள் நிற்பது தெரிந்தால் முன்னால் நிற்பவர்களோடு கதையைச் சுருக்கிவிடுவார்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் அவள். இல்ஃபோர்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை. இயந்திரங்களோடு பேசத் தேவையில்லை என்பதால் அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

சீட்டு அவளுக்கு மட்டும் உரியதல்ல. அண்ணன் தேவராசா பரிஸில், தங்கை நீலவேணி சுவிஸில் பேர்ண் நகரில். யூரோமில்லியன் லொத்தரை ஒன்பது நாடுகள் சேர்ந்து நடத்துகின்றன. செவ்வாயும் வெள்ளியும் பரிஸில் ஒரே குலுக்கல். ஐம்பதில் ஐந்து இலக்கம், பன்னிரண்டில் இரண்டு நட்சத்திரம். எந்த நாட்டில் வாங்கினாலும் வெல்லும் இலக்கம் ஒன்றுதான். அதனால் மூவரும் மாதம் மாறி மாறி எடுப்பார்கள். மூன்று வீட்டிலுமாக உள்ள ஐந்து பிள்ளைகளின் பிறந்த தேதிகளும் அம்மா அப்பா பிறந்த மாதங்களும் தான் இலக்கங்கள். அவை மாறுவதில்லை என்பதால் முறைக்காரர் வெள்ளிக்கிழமை "எடுத்தாச்சு" என்று ஒரு வரி அனுப்பினால் போதும். விழுகிற காசை ஒருவரும் பிரித்து எடுப்பதில்லை என்றும் பேச்சு. மூன்று குடும்பமும் ஒரே வீட்டில் கூடுவதற்குத்தான் அது. மூவரும் ஒன்றாக இருந்து பதினொரு வருடம். ஒருவருக்கு லீவு கிடைத்தால் இன்னொருவருக்குக் கிடைக்காது.

மார்ச் மாதம் செல்வமலரின் முறை. அந்த மாதம்தான் தேவராசாவின் மகள் ஓவியாவுக்கு நகரசபையில் கலியாண எழுத்து. நீலவேணிக்கு லீவு இல்லை. செல்வமலர் மட்டும் பரிஸ் போனாள். வெள்ளிக்கிழமை இரவுதான் லண்டன் திரும்புவாள். அதற்குள் இங்கே சீட்டு விற்பனை முடிந்துவிடும். முறை தவறக் கூடாது என்று, பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன இடத்தில் பக்கத்துக் கடையில் துண்டை நீட்டிச் சீட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள். வழக்கம்போல் "எடுத்தாச்சு" என்று மட்டும் அனுப்பினாள். குலுக்கல் ஒன்றுதானே!

குலுக்கலுக்கு மறுநாள் காலை அண்ணன் அழைத்தான்.

"மலர்! நாலு இலக்கமும் ரெண்டு நட்சத்திரமும்! ஆயிரத்து எழுநூறு யூரோ சொச்சம். மாத்திப்போட்டுச் சொல்லு."

"ஓம் அண்ணை," என்றாள்.

மாற்றவில்லை. இவ்வளவு தொகையைச் சின்னக் கடையில் தரமாட்டார்கள். வேறு இடம், வேறு ஆட்கள், அடையாள அட்டை, கேள்விகள். லண்டனில் நூற்றெண்பது நாள் தவணை உண்டு என்பது அவளுக்குத் தெரியும். அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளினாள். நீலவேணி அதற்குள் பேர்ணுக்கு வெளியே ஆவணி மாதத்தில் நாலு நாள் வாடகைக்கு ஒரு பெரிய வீட்டைப் பார்த்து வைத்துவிட்டாள். ஆறு அறை. "முற்பணம் கட்டட்டா அக்கா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டாள்.

ஐம்பத்தைந்தாம் நாள், ஒரு வியாழக்கிழமை, எங்கே போய் மாற்றுவது என்று விசாரிக்கக் கடைக்குப் போனாள். அன்றைக்கென்று வரிசை குறையவே இல்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் வரிசையிலேயே நின்றாள்.

புவனேந்திரன் சீட்டை இயந்திரத்தில் காட்டினார். கீச்சிட்டது. திருப்பிக் காட்டினார். மறுபடியும் கீச்.

"அன்ரி, ஜாக்பொட்டோ?" என்றான் பின்னால் நின்ற ஒரு பொடியன். இரண்டு பேர் சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது.

புவனேந்திரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "அக்கா, இது இஞ்சத்தை ரிக்கற் இல்லை. பிரான்சிலை எடுத்திருக்கிறியள்."

"குலுக்கல் ஒண்டுதானே?"

"குலுக்கல் ஒண்டுதான். காசு குடுக்கிறது அந்தந்த நாடு. எங்கை எடுத்ததோ அங்கைதான் மாத்தோணும்."

"சரி, எப்பவாவது போகேக்கை..."

"எப்பவாவதோ? பிரான்சிலை அறுபது நாள்தான் அக்கா. எப்ப குலுக்கினது?"

அவள் சொன்னாள். அவர் நாட்காட்டியைப் பார்த்தார். பின்னால் நின்ற பொடியனும் சிரிப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான்.

"செவ்வாயோடை முடியுது, அன்ரி," என்றான் அவனே.

வெளியே வந்து சுவரோடு நின்றபடி அண்ணனை அழைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் தேவராசா சத்தம் போட்டான்.

"என்ரை வீட்டிலை நிண்டு எடுத்துப்போட்டு எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லையோ? ரெண்டு மாசமா பைக்குள்ளை வச்சு அடைகாத்தனியோ? படிச்சிருந்தா பின்பக்கத்தை வாசிச்சிருப்பாய்!"

"அது பிரெஞ்சிலை கிடக்கு அண்ணை. நீங்களும் முப்பது வருசமா அதை வாசிச்சதில்லை."

இப்படி ஒரு பதிலை அவள் வாயிலிருந்து அவன் கேட்டதே இல்லை.

"சரி, உடனை போஸ்ற்றிலை போடு," என்றான் இறங்கிய குரலில்.

"போஸ்ற் பிந்தினா வேணியின்ரை வீடு போயிடும். நான் கொண்டு வாறன்."

"ஆர், நீயோ? தனியவோ?"

"ஓம். சனிக்கிழமை காலமை பஸ் இருக்கு."

தேவராசா விட்டுக்கொடுத்தான். "வாறதெண்டா ரெண்டு பை மிளகாய்த்தூள் கொண்டு வா. இஞ்சத்தைத் தூள் உறைக்குதில்லை."

சனிக்கிழமை விக்டோரியாவில் பஸ் ஏறினாள். சீட்டைக் கடவுச்சீட்டுக்குள் வைத்து, பையை மடியிலிருந்து இறக்கவில்லை. கடல் கடக்கும்போது பக்கத்தில் இருந்தவர் தோடம்பழம் உரித்து ஒரு சுளை நீட்டினார். வாங்கித் தின்றாள்.

திங்கட்கிழமை, ஐம்பத்தொன்பதாம் நாள், பெரிய தொகை மாற்றும் கடைக்குத் தேவராசா கூட்டிப்போனான். கவுன்டரில் இருந்த பெண் சீட்டை இயந்திரத்தில் காட்டினாள். இயந்திரம் இம்முறை சிணுங்கவில்லை. தேவராசாவின் வங்கி இலக்கத்தைக் கேட்டாள், பிறகு செல்வமலரைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?"

"நாளைக்கு வந்திருந்தாலும் குடுத்திருப்பினமாம். நாளையிண்டைக்கு வந்திருந்தா வாசலைக் காட்டியிருப்பினமாம்."

இருவரும் தெருவில் நின்று சிரித்தார்கள். அன்று மாலையே நீலவேணி முற்பணம் கட்டினாள்.

ஆவணியில் அந்த ஆறு அறை வீட்டில் மூன்று குடும்பமும் புது மருமகனுமாகப் பன்னிரண்டு பேர் நான்கு நாள் இருந்தார்கள். நாலாம் நாள் குளியலறைக் குழாய் உடைந்தது. அதையும் சந்தோஷமாகத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

இப்போது ஒரு விதி கூடியிருக்கிறது. சொந்த நாட்டில் மட்டும்தான் சீட்டு எடுக்கலாம். எடுத்ததும் படம் அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் விழவில்லை. இந்த மாதம் நீலவேணியின் முறை.