காலண்டருக்குப் பின்னால் இருந்த இருபத்து நான்கு மணி நேரம்

ஏழாம் வகுப்பு அரைப்பரீட்சைக்கு முந்தின நாள் வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கையில் சிக்கிய காகிதம்தான். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்தபோது, விட்ட பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்ந்த மாதிரி இருந்தது.

காலண்டர் சீசன். பன்னிரண்டு மாதத் தாள்களையும் அடுக்கி, மேல் விளிம்பில் தகரப் பட்டை வைத்து அழுத்துவது என் வேலை. முருகன், மாதா, கொழுகொழு குழந்தை எல்லாரும் என் கை வழியாகத்தான் ஊர்களுக்குப் போனார்கள். அந்த வருடம் வெளியூர் வக்கீல்கள் சிலர் ஓர் ஆர்டர் கொடுத்தார்கள். சாமி இல்லை, குழந்தை இல்லை. மாதத்துக்கு ஒரு மனித உரிமை. மேலே நம் அரசியல் சட்டம் சொல்வது, கீழே உலக நாடுகள் சேர்ந்து போட்ட உடன்படிக்கை சொல்வது.

"இதை எவன் வீட்டுல மாட்டுவான்?" என்றாள் எதிர் மேசையில் தாள் எண்ணும் பெண்.

நான் விடுவேனா? ஒவ்வொரு மாதத்தையும் எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தேன். மார்ச் மாதம் எனக்காகவே எழுதியது. நாட்டுக்குள் எங்கும் போகலாம், எங்கும் தங்கலாம். பதினைந்து வருடமாக நான் செய்துவந்தது ஊர் சுற்றல் இல்லை, பத்தொன்பதாம் பிரிவு.

"அப்ப வக்கீலண்ணனுக்கு அடுத்த ஊரு எதுண்ணே? டிபன் தூக்கு அங்கனயும் தொலையுமா?" என்பாள் அவள். என் தூக்குவாளி அதற்கு முந்தின வாரம்தான் பஸ்ஸில் தொலைந்து போயிருந்தது. மார்ச் மாதத்தை வாசித்ததிலிருந்து நான் வக்கீலு. மதியம் ஊறுகாய் வேண்டுமென்றால்கூட அவளிடம் மனுப் போட வேண்டும்.

ஒரு புதன்கிழமை அவள் கிண்டல் செய்யவில்லை. தாளைத் தப்பாக எண்ணி மறுபடி மறுபடி ஆரம்பித்தாள். கேட்டதும் சொல்லிவிட்டாள். அவள் புருஷன் லோடு வேன் ஓட்டுகிறவன். முந்தின நாள் மதியம் மூணு மணிக்குத் தாயில்பட்டி பக்கம் டீக்கடை வாசலில் வேனைப் பிடித்திருக்கிறார்கள். உள்ளே பில் இல்லாத பட்டாசு. சரக்குக்காரன் போனை அணைத்துவிட்டான். ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள். காலையில் இவள் போனதற்கு, "விசாரணைதான், நீ போ" என்று அனுப்பிவிட்டார்கள்.

"அடிச்சிருப்பாகளோண்ணே?" என்றாள்.

எனக்கு அந்த இடம் பழக்கம். வேறொரு ஊரில் பஸ் ஸ்டாண்டில் தூங்கினேன் என்று மூன்று நாள் வைத்திருந்தார்கள். தினம் இரண்டு இட்லி. நான்காம் நாள் பெருக்கச் சொல்லி அனுப்பினார்கள். அப்போது எனக்கு அக்டோபர் மாதம் தெரியாது.

அக்டோபர் என் மேசையிலேயே கட்டுக் கட்டாக இருந்தது. கைதானவனை, பயண நேரம் போக, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும். இருபத்து இரண்டாம் பிரிவு. உலக உடன்படிக்கையில் 'காலதாமதமின்றி' என்று இருந்தது. அது பெரிய மனசுதான். ஆனால் எனக்குக் கடிகாரம் வைத்துப் பேசுகிற சட்டம்தான் பிடித்தது. சுவரைப் பார்த்தேன். மணி ஒன்று. இரண்டு மணி நேரம் பாக்கி.

போனோம். வாசல் மேசையில் ஏட்டையா தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள் அறை பெஞ்சில் வேன்காரன். இவளைப் பார்த்ததும் எழுந்து, அதட்டல் கேட்டு உட்கார்ந்தான். எழுந்த விதத்தைப் பார்த்தால் அடி எதுவும் பட்ட மாதிரி இல்லை.

நான் பேச வேண்டியதெல்லாம் வரும் வழியில் மனப்பாடம். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன். ஒரு பட்டாசுக் கம்பெனி முருகன் காலண்டர். தகரப் பட்டை இடது பக்கம் கொஞ்சம் ஏறியிருந்தது. போன சீசனில் நான் அழுத்தியது. கை சும்மா இருக்குமா? சரிசெய்யத் தூக்கினேன்.

பின்னால் நீலப் பலகை. 'கைது செய்யப்படுவோரின் உரிமைகள்.'

"ஏலே, முருகனை எதுக்கு நோண்டுற?"

"நான் பண்ணுன காலண்டருங்கய்யா. கோணலா இருக்கு."

"எனக்கு நேராத்தான் தெரியுது. கீழ விடு."

விடவில்லை. முருகனை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தேன். மனப்பாடம் மறந்தாலும் வாசிப்பு மறக்காது. "கை-து செய்-த நேரத்-தைக் கு-றிக்க வேண்-டும். உற-வினருக்கு..."

"அவனை அரெஸ்டே பண்ணலை. விசாரணை."

"அப்ப வீட்டுக்குப் போகலாங்களாய்யா?"

"அது எப்படிப் போவான்?"

"போகக் கூடாதுன்னா அதுதான அரெஸ்டு? மூணு மணிக்குள்ள கோர்ட்டு."

பக்கத்தில் அவள் வாயைத் திறந்தாள். "நேத்து மூணு மணிக்குப் பிடிச்சீக. டீக்கடையில அம்புட்டுப் பேரும் பாத்தாக."

ஏட்டையா கையைக் கழுவினார். கடிகாரத்தைப் பார்த்தார். "எத்தனாவது படிச்சிருக்க?"

"ஏழுங்கய்யா. அரைப்பரீட்சை எழுதலை."

"எழுதியிருந்தா தாங்காது" என்று உள்ளே போய் யாருக்கோ போன் போட்டார். சட்டத்துக்குப் பயந்தாரா, கடிகாரத்துக்கா, என் வாசிப்பைக் கேட்க முடியாமலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கூப்பிட்டால் வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டே முக்காலுக்கு வேன்காரனை வெளியே விட்டார்கள். வழக்கு இருக்கிறது. வாய்தாவுக்குப் போய்வருகிறான். ஆனால் வீட்டிலிருந்து போய் வீட்டுக்கு வருகிறான்.

நாங்கள் படி இறங்கும்போது ஏட்டையா கூப்பிட்டார். மேசை இழுப்பறையிலிருந்து ஓர் ஆணியும் ஒரு கல்லும் எடுத்து நீட்டினார்.

"முருகனைத் தள்ளி மாட்டிட்டுப் போ. இந்தத் தடவை நேரா."

ஒரு முழம் தள்ளி அடித்தேன். திரும்பிப் பார்த்தால், வேன்காரன் பலகை முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வீட்டுக்கு வாங்க. வக்கீலு மேசையில கட்டுக் கட்டா இருக்கு. ஒண்ணு வாங்கி நம்ம சுவர்லயே மாட்டுவோம்."