ஏணி மேல் ஒரு பெருமூச்சு

மனித அறிவுக்கு எட்டாத ஒரு மாபெரும் சக்தி இந்த உலகத்தில் இருக்கிறது. காலத்தையும் மரணத்தையும் கடந்து நிற்பது அது. அதை நேருக்கு நேர் சந்தித்த மனிதர் ஒருவர் உண்டு. சந்தித்தது ஜனவரி மாத வெள்ளிக்கிழமை ஒன்றில், மாலை 4:51 மணிக்கு. இடம், கராஜ், அதாவது வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகை. அப்போது அவர் காருக்குள் உட்கார்ந்து, மூன்று வாரமாக அமுக்கியும் பலிக்காத ஒரு பட்டனை முறைத்துக்கொண்டிருந்தார்.

இது நடந்தது. மின்னசோட்டாவில், மேப்பிள்வுட்டில், எங்கள் தெருவின் கடைசிக்கு முந்தின வீட்டில். இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்ட வேண்டியதையெல்லாம் வெண்டெலே கூட்டிவிட்டார். இங்கே கழித்துத்தான் சொல்லியிருக்கிறது.

வெண்டெல் டோர்விக் ஒரு ஜன்னல் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏணியில் ஏறும்போது மூக்குக்கண்ணாடி போடக்கூடாது என்பது அவர் கொண்டுவந்த விதி. மூடிய கராஜுக்குள் என்ஜினை ஓடவிடக்கூடாது, ஒரு இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டித்தால் பெயரும் தேதியும் போட்டுச் சிவப்பு அட்டை கட்ட வேண்டும், கட்டியவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்பவையெல்லாம் அவர் மனப்பாடமாகச் சொல்லும் விதிகள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காபி குடிக்க வருபவர்களுக்கும் சொல்லுவார். அவர்கள் வேகமாகக் குடிப்பார்கள்.

அக்டோபரில் இந்த வீட்டுக்குக் குடி வந்த அன்றைக்கு, பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்னாலேயே அவர் செய்த முதல் காரியம், தான் ஏரியில் பிடித்த, ‘பைக்’ என்ற வகை, நாற்பத்தோரு அங்குல மீனைக் கராஜின் பின்சுவரில் மாட்டியது. பாடம் செய்து பலகையில் அறைந்த மீன். அதற்கு மேலே ஒரு விளக்கும் போட்டார். மீன் இரவும் பகலும் வெளிச்சத்தில் இருந்தது. படுக்கையறைக்கு விளக்கு வர டிசம்பர் ஆயிற்று.

கராஜ் கதவு மோட்டாரால் ஏறி இறங்குவது; அதற்கு ரிமோட் எதுவும் கிடைக்கவில்லை. சுவரில் இருந்த சுவிட்சும் வேலை செய்யவில்லை. முதலில் காரும் கதவும் ஒன்றுக்கொன்று அறிமுகம் ஆகவேண்டும், மற்றதெல்லாம் தன்னால் சரியாகும் என்று வெண்டெல் விளக்கினார். காரில் அதற்கென்றே, முன்கண்ணாடிக்கு மேலே, குட்டி வீடு வரைந்த மூன்று பட்டன்கள் இருந்தன. அறிமுகம் நடக்கும்வரை, அவரே வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கி, கதவைக் கையால் தூக்கினார்.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி, அவர் கதவைத் தூக்கத் திணறுவதைப் பார்த்து மனைவி ஆர்டிஸ் உதவிக்கு இறங்கினாள். வாசலெல்லாம் ஐஸ். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன். அப்புறம் நடக்கப் பழக்கும் மருத்துவமனை.

அங்கிருந்துதான், அந்த ஜனவரி வெள்ளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, போன் செய்தாள்.

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு என்னை அனுப்பறாங்க. கார்ல உக்காந்தபடியே வீட்டுக்குள்ள போவேனா, மாட்டேனா? அதை மட்டும் சொல்லு."

"அதெல்லாம் முடிச்சாச்சு, ஆர்டிஸ்."

"நிஜமாவே முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு."

"இல்லேன்னு தெரிஞ்சா நான் அந்த ஐஸ்ல காலே வைக்கமாட்டேன். அப்படியே ஏர்போர்ட்டுக்கு விடு. அரிசோனாவுல தங்கச்சி இருக்கா. நீயும் உன் மீனும் இருந்துக்குங்க."

முடிக்கவில்லை. நாற்பத்துநாலு வருஷ மணவாழ்க்கையில் வெண்டெல் சொன்ன பொய்களில் இதற்குத்தான் வெளிப்படும் தேதி குறிக்கப்பட்டிருந்தது.

இரண்டு பேர் இருந்தால் அது இரண்டு நிமிஷ வேலை. உத்தரத்தில் தொங்கும் மோட்டாரின் பின்பக்கம் ஒரு பொத்தான் உண்டு. ஒருவர் ஏணியில் ஏறி அதை அமுக்கினால் சின்ன மஞ்சள் விளக்கு ஒன்று எரியும். அதிலிருந்து முப்பது நொடிக்குள் இன்னொருவர் காருக்குள்ளிருந்து குட்டி வீட்டுப் பட்டனை மூன்று தடவை அமுக்க வேண்டும். அவ்வளவுதான். எதிர்வீட்டு லவான் தன் கணவனை அனுப்புகிறேன் என்றாள். வெண்டெல் மறுத்துவிட்டார். மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன் என்றதற்கு, தன் பணிக்காலம் எத்தனை வருஷம் என்று நினைவுபடுத்தினார்.

ஆகவே தனி ஆள். ஏற வேண்டும், தடவிப் பார்த்து அமுக்க வேண்டும், இறங்க வேண்டும், காருக்குள் நுழைய வேண்டும். வயது அறுபத்தொன்பது. முழங்கால் இரண்டும் ஒத்துழைப்பதில்லை. ஏணியில் கண்ணாடி போடாததால் மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று தெரியாது. பல்பு போயிருக்கும் என்று முடிவு செய்திருந்தார்.

வெள்ளிக்கிழமை. மாலை 4:10. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று டிகிரி. கராஜ் கதவு மூடியிருந்தது. காரின் மூக்கு பின்சுவரைப் பார்த்திருந்தது. அதற்கு முன்னால் ஏணி. டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் கீழ்ப்படிகள் நாலுதான் தெரியும். மேலே உள்ளதைக் காரின் கூரை மறைத்துவிடும்.

முதல் முயற்சி, நாற்பத்தோரு நொடி. இரண்டாவது, முப்பத்தெட்டு.

இரண்டாவது தடவை காருக்குள் விழுந்து மூச்சு வாங்கியபோதுதான் அது கேட்டது. ஏணிப் பக்கமிருந்து. மெல்லிசாக, நீளமாக...

ஒரு பெருமூச்சு.

கதவின் ஸ்பிரிங்காக இருக்கும். குளிரில் இரும்பு சத்தம் போடும்.

4:31. நாலாவது முயற்சி. மறுபடி கேட்டது. இப்போது இன்னும் நீளம். ஊசியில் நூல் கோக்கத் தெரியாமல் ஒருவர் திணறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் விடுகிற பெருமூச்சு. ஸ்பிரிங்குக்கு அவ்வளவு அலுப்பு இருக்குமா என்று வெண்டெல் யோசித்தார். யோசிக்க வேண்டாம் என்றும் முடிவு செய்தார்.

4:47. ஏழாவது முயற்சி. இருபத்தொன்பது நொடி. நேரத்துக்குள் வந்துவிட்டார். அமுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று.

கதவு அசையவில்லை.

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். விழுந்த அன்றைக்கு ஆர்டிஸ் கத்தவில்லை. ஐஸில் படுத்தபடி, "வெண்டெல், என்னால எழுந்திரிக்க முடியும்னு தோணலை" என்று மட்டும் சொன்னாள். ஏதோ கடைக்குப் போகமுடியாது என்பதைப் போல. அவள் அரிசோனாவுக்குப் போய்விட்டால், பனி உருகும்வரை, அவளில்லாத வீட்டில் ஒரு மீனோடு... அவருக்கு இனி எழுந்து ஏணி ஏற மனமில்லை. உடம்பும் இல்லை.

4:50.

க்ரிக்.

தலையைத் தூக்கினார். ஏணியின் முதல் படி. காலி.

க்ரிக்... இரண்டாவது படி.

க்ரிக்... மூன்றாவது படி கண்ணெதிரே கொஞ்சம் வளைந்தது. அப்புறம் நிமிர்ந்தது.

நாலாவது.

அதற்கு மேல் தெரியவில்லை. கேட்டது.

4:51. மீனின் விளக்கு அணைந்தது.

இருட்டு.

"ஹும்ம்ம்..."

டிக்.

காரின் பானெட்டின் மேல் சின்னதாக ஒரு மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. பல்பு போய்விட்டது என்று அவர் முடிவு செய்திருந்த விளக்கு.

மேலேயிருந்து ஒரு குரல். பெண் குரல். கோபமில்லை. ரொம்பக் களைப்பு.

"இப்ப அமுக்கு."

அமுக்கினார்.

ஒன்று.

இரண்டு.

மூன்று...

முதுகுக்குப் பின்னால் கதவு கடகடவென்று எழுந்தது. குளிர் உள்ளே பாய்ந்தது.

க்ரிக். க்ரிக். யாரோ இறங்கினார்கள்.

சமையலறைக் கதவு திறந்தது. மெதுவாகச் சாத்திக்கொண்டது.

மீனின் விளக்கு மறுபடி எரிந்தது.

மணி 4:53.

வெண்டெல் உடனே வீட்டுக்குள் போகவில்லை. வீட்டுக்குள்தான் யாரோ போயிருந்தார்களே. திறந்த கராஜில், பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்றில், 6:40 வரை காரிலேயே இருந்தார். உள்ளே போனபோது சமையலறையில் யாரும் இல்லை. ஒரு நாற்காலி மட்டும் மேஜையிலிருந்து இழுத்துப் போட்டிருந்தது. யாரோ உட்கார்ந்து இளைப்பாறியதுபோல.

சனிக்கிழமை 11:25. ஆர்டிஸ் பக்கத்து சீட்டில். வாசலில் ஐஸ் பளபளத்தது. வெண்டெல் பட்டனை அமுக்கினார். உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு. கதவு எழுந்தது.

"யாரது?" என்றாள் ஆர்டிஸ்.

"ஸ்பிரிங்."

கார் உள்ளே போய் நின்றது. அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "முடிச்சுட்டியே" என்றாள். மெதுவாக அவர் கையைத் தட்டினாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. வெண்டெல் சொல்லவில்லை. மறுநாள் தேவாலயத்தில், தான் கதவைச் சரிசெய்த முறையைப் பற்றி இருபத்தைந்து நிமிஷம் பேசினார்.

அன்று மதியம் லவான், உருளைக்கிழங்கு பரப்பி அடுப்பில் சுட்ட இறைச்சிப் பாத்திரத்தோடு வந்தாள். ஆர்டிஸைக் காரில் உட்காரவைத்து, வெண்டெல் லவானுக்குக் கதவைத் திறந்து காட்டினார். பெருமூச்சு கேட்டது. கதவு எழுந்தது. லவான் பாத்திரத்தைக் காரின் பானெட்டில் வைத்துவிட்டாள்.

"இர்மா மாதிரியே இருக்கு" என்றாள்.

முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்கள் கிளிஃபர்டும் இர்மாவும். எது பழுதானாலும் கிளிஃபர்ட் காருக்குள் உட்கார்ந்தபடி விளக்கம் சொல்லுவாராம். ஏணியில் ஏறுவது இர்மா. அவள் விடுகிற பெருமூச்சு தெருவுக்கே கேட்குமாம். போன வசந்தத்தில் இறந்துபோனாள். அதற்கப்புறம் கிளிஃபர்ட் முதியோர் விடுதிக்குப் போய்விட்டார்.

"ஏணியிலேருந்து விழுந்துட்டாளா?" என்று வெண்டெல் கேட்டார். தொழில் பழக்கம்.

"இல்ல, தூக்கத்துல. ரொம்ப அசதியா இருந்தா" என்றாள் லவான்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் அந்தக் கதவு ஒழுங்காகத் திறந்தது. காரில் ஆர்டிஸ் இருந்தால் திறக்கும். வெண்டெல் தனியாக வந்தால் திறக்காது. அவர் இறங்கிக் கையால் தூக்குவார். குளிர்தான் காரணம் என்பார். மார்ச் மாதம், பனி உருகிய பிறகும் அவருக்குத் திறக்கவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு ஆர்டிஸே ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

டூ வாங் என்ற அந்த இளைஞர் ஒரு வியாழக்கிழமை காலை 10:20க்கு வந்தார். மூக்குக்கண்ணாடியோடு ஏணியில் ஏறினார். கீழேயிருந்து வெண்டெல் அதைக் கண்டித்துப் பேச ஆரம்பித்தார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் டூ வாங். "இந்தக் கதவு தினமும் திறக்குதுன்னா சொன்னீங்க?"

"நேத்திக்குக்கூட திறந்துச்சு" என்றாள் ஆர்டிஸ்.

அவர் உத்தரத்தின் மேல் டார்ச் அடித்தார். மோட்டாரின் மின்கம்பி சுருட்டிக் கட்டி உத்தரத்தின் மேலே வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஒரு குளிர்காலத்துத் தூசி. குறுக்கே ஒரு சிலந்தி வலை, அறுபடாமல். கம்பியில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. டூ வாங் அதைத் துடைத்துவிட்டு உரக்க வாசித்தார்.

"அபாயம். மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அக்டோபர் 14. கீழே கையெழுத்திட்டவரைத் தவிர வேறு யாரும் இணைக்கக்கூடாது."

ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது. அது ஆர்டிஸ் விட்டது என்கிறார் வெண்டெல். தான் விடவில்லை என்கிறாள் ஆர்டிஸ்.

அட்டையில் இருந்தது வெண்டெலின் கையெழுத்து. உத்தரத்தில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் செருகியிருந்தது மீனின் விளக்கு.