லூயிஸ் வீட்டுப் பருத்திப் படம்

பொய் சொல்வதாக இருந்தால் என்னை நல்லவனாகக் காட்டியிருப்பேன். இதில் நான் திருடன். அதனால் தாராளமாக நம்பலாம்.

லூயிஸ் தாவரவியல் வாத்தியார். என் நாற்பது வருஷச் சிநேகிதன். ஒருநாள் லஸ் முனையில், பழைய புத்தகக் குவியலுக்குள் ஒரு படம் கிடைத்தது. வெள்ளைக்காரன் காலத்துப் பருத்திச் செடி. கையால் வண்ணம் தீட்டியது. ஒரு மஞ்சள் பூ, வெடித்த காய் மூன்று. முதலில் பார்த்தது நான். முதலில் கை வைத்தது அவன்.

"செத்தாலும் உனக்குக் குடுக்க மாட்டேன்டா பொன்ராஜ்" என்பான். சொல்லிவிட்டுச் சிரிப்பான். சிரித்து ஓய்ந்தால் அவன் மூக்கு மெல்ல விசிலடிக்கும். ஸ்வீ... ஸ்வீ...

போன மே மாதம் செத்துப்போனான். மந்தைவெளி வீட்டு ஹாலில் ஐஸ் பெட்டி. கண்ணாடிக்கு அடியில் அவன், மூக்கில் பஞ்சோடு. ஃபாதர் வந்துவிட்டார் என்று எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். சுவரில் படம். என் கையில் துணிப்பை.

அபிராமபுரத்தில் என் அறையில் மாட்டிவிட்டுப் படுத்தேன். மதியம் இரண்டு பத்து.

ஸ்வீ...

ஃபேனை நிறுத்தினேன்.

ஸ்வீ... ஸ்வீ...

சுவரிலிருந்து.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனேன். காய் மூன்று இல்லை. ஐந்து. புதியவை இரண்டும் சின்னவை. விரலால் உருட்டியது போல.

ஃபோன் அடித்தது. லூயிஸ் மகன் ஆஸ்வின்.

"அங்கிள், அப்பா மூக்குல வெச்ச பஞ்சைக் காணோம். பெட்டிய யாரும் திறக்கவே இல்ல..."

படத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். திருப்பி மாட்டிவிட வேண்டும். ஆனால் ஆணிக்குக் கீழேயே ஒரு கூட்டம் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. ஆஸ்வின் புதுப் பஞ்சை என்னிடம் நீட்டினான்.

"நீங்களே வெச்சுடுங்க அங்கிள். அப்பாவுக்கு உங்கள விட்டா யாரு?"

உருட்டி வைத்தேன். கை நடுங்கியது. ஐஸ் குளிர் என்று சொல்லிக்கொண்டேன்.

சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். மூடி. ஆணி. ஒவ்வொரு அடிக்கும் தோள் பையை இறுக்கிக்கொண்டேன்.

அடக்கம் முடிந்ததும் அவன் மனைவி மர்சலின் என் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே, அந்தப் பருத்திப் படத்தைத் தன் நெஞ்சு மேல வெச்சுப் புதைக்கச் சொன்னாரு. வீடு பூரா தேடிட்டேன். நீங்க பார்த்தீங்களா?"

"இல்லம்மா."

தோளில் பை. பைக்குள்...

ஸ்வீ...

மர்சலின் சட்டென்று திரும்பினாள். கல்லறையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து படத்தை எடுத்தேன்.

காய் ஏழு.

கடைசி இரண்டில் ஒன்று கோணல். நடுங்கும் கையால் உருட்டியது.