கலாஸ் என்று சொன்ன வெள்ளிக்கிழமை

பிள்ளைகளா, இதை உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். ஆனால் முக்கியமாகப் பெரியவனுக்கு. தங்கச்சியும் படிக்கட்டும், தப்பில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பெரியவனே, போன தீபாவளிக்கு வந்தவர்களிடம் நீ சொல்லிக்கொண்டிருந்தாய், திருச்சிக் கல்லூரி கோச் வார்த்தை தவறினவர், உன் கால்பந்தாட்டத்தை அவர்தான் கெடுத்தார் என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ பிளஸ் டூ முடித்த வருஷம் அது. மாவட்டப் போட்டியில் இடது ஓரமாக நீ ஓடி ஆடியதைப் பார்த்துவிட்டு, அந்தக் கோச் நம் வீட்டையே தேடி வந்தார். விளையாட்டுக் கோட்டாவில் சீட், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் என் பொறுப்பு, பையன் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாராம். நீ சரி என்றாய். அம்மாதான் போனில் சொன்னாள். நான் அப்போது தோஹாவில், தொழில்பேட்டை கேம்பில் இருந்தேன். நீ ஆடி நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. என் லீவும் உன் போட்டியும் ஒரு வருஷமும் ஒத்து வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து மெட்ராஸிலிருந்து இன்னொரு கல்லூரிக்காரர்கள் உன்னைக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் உன் மனசு ஆட ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு லீவு, வீட்டுக்குப் பேசுவதும் அன்றைக்குத்தான். ஒரு வெள்ளிக்கிழமை பேசினால் திருச்சி என்பாய். அடுத்த வெள்ளி, “மெட்ராஸ் டீம்ல ரெண்டு பேரு ஸ்டேட் ஆடியிருக்காங்கப்பா” என்பாய். எங்கள் ரூமில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் இருந்தார், வாயைத் திறந்தால் கிண்டல்தான்.

“என்னய்யா, மாப்பிள்ளைக்கு இந்த வாரம் எந்த ஊருப் பொண்ணு?”

“இன்னும் முடிவாகலண்ணே.”

“ரெண்டையும் கட்டிக்கச் சொல்லு. ஒரு பாதி திருச்சியில ஆடட்டும், மறுபாதி மெட்ராஸ்ல ஆடட்டும்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. மனசு ஆடியது உனக்கு மட்டுமில்லை, எனக்கும்தான். என் மகனை மெட்ராஸில் கூப்பிடுகிறார்கள் என்று சைட்டில் பாகிஸ்தான் டிரைவரிடம்கூட எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி வைத்தேன். சொன்ன வார்த்தைப்படி நட என்று அப்போதே உன்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கடைசியில் நீயே ஒரு வெள்ளிக்கிழமை தெளிவாகச் சொன்னாய்.

“யோசிச்சுட்டேன்பா. திருச்சிதான். வீடு தேடி வந்த மனுஷன். நாளைக்கு லிஸ்ட் குடுக்கணுமாம், முடிவு கேட்டு ஆள் விட்டிருக்காரு. நான் மெட்ராஸ்காரங்ககிட்ட பேசினது அவருக்குத் தெரிஞ்சு போச்சு. எனக்குப் பேசக் கூச்சமா இருக்கு. நீங்க பேசுங்கப்பா.”

எனக்கு மனசு நிறைந்துபோனது. நஜ்மா கடைத்தெருவில் ஒரு கடைக்கு வெளியே நின்று, புது போன் கார்டைச் சுரண்டி அவருக்குப் போன் போட்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் வேலை கம்பி கட்டுவது. கட்டி முடித்ததும் போர்மேன் வந்து, “கலாஸ்?” என்று கேட்பார். நாங்கள் “கலாஸ்!” என்போம். அரபிச் சொல் அது, எல்லாம் சரியாக முடிந்தது, இனி கான்கிரீட் கொட்டலாம் என்று அர்த்தம். கடையில் விலை படிந்தாலும் அதே சொல்தான். அப்போதே ஒன்பது வருஷமாக அது எனக்கு நல்ல சொல். நாக்கிலேயே கிடக்கும்.

லைன் சரியில்லை. ரோட்டில் வண்டிச் சத்தம் வேறு. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, பையனுடைய அப்பா பேசுகிறேன் என்று சொன்னேன்.

“சொல்லுங்க. பையன் மனசு மாறிட்டான்னு கேள்விப்பட்டேன். என்னதாங்க முடிவு?”

“கலாஸ் சார்! கலாஸ்! இனிமே பேச்சே இல்ல சார்.”

லைன் கரகரத்தது.

“அப்படிங்களா... சரிங்க. நான்... பார்த்துக்கிறேன்.”

நடுவில் ஏதோ லைனில் விழுந்துவிட்டது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரொம்ப நன்றி சார் என்றேன். உடனே உனக்குப் போன் போட்டு, முடிந்தது, மெட்ராஸ்காரர்களிடம் வரவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடு என்றேன். நீயும் அன்றைக்கே சொல்லிவிட்டாய்.

சேரும் நாளில் பெட்டியோடு திருச்சிக்குப் போனாய். பட்டியலில் உன் பெயர் இல்லை. கோச் டீமைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். சாயந்திரம் அதே பெட்டியோடு வீடு திரும்பினாய். மெட்ராஸிலும் உன் இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டது என்றார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று நாள் விடாமல் கூப்பிட்டு அந்தக் கோச்சைப் பிடித்தேன்.

“ஏன் சார் இப்படிப் பண்ணிட்டீங்க? உங்களை நம்பித்தானே மெட்ராஸை விட்டோம்!”

“என்னங்க பேசறீங்க? நீங்கதானே கலாஸ், இனிமே பேச்சே இல்லன்னீங்க? எங்க பசங்க ஒருத்தன் கதை முடிஞ்சா கலாஸ்ம்பானுங்க. அப்படித்தானே நான் எடுத்துக்குவேன்?”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“சரி, நான் வேற பையனைப் பார்த்துக்கிறேன்னு சொன்னேன். நீங்க நன்றின்னீங்க.”

அன்றைக்கு லைனில் விழுந்துபோனது அதுதான். வேற பையனை.

“மறுபடி ஒரு தடவை பையன்கிட்டக் கேட்டிருக்கலாமே சார்.”

“வீடு தேடி வந்து கேட்டவன்யா நான். திரும்பவும் கெஞ்ச மனசு வரல. அது என் தப்புதான். இப்ப ஒரு பையன் வந்து ஹாஸ்டல்ல இருக்கான், அப்பா இல்லாத பையன். அவனை எந்திரிச்சுப் போகச் சொல்லவா? நீங்க சொல்லுங்க.”

நான் எப்படிச் சொல்வேன்? வேண்டாம் சார் என்று வைத்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை உன்னிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போன் போட்டேன். நீ முந்திக்கொண்டாய்.

“அந்த ஆளு நம்மள ஏமாத்திட்டாருல்லப்பா?”

உன் குரல் அழுது அழுது கம்மியிருந்தது. அந்த நேரத்தில், இல்லடா, உங்கப்பன்தான் கெடுத்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

“ஆமாப்பா,” என்றேன்.

அவ்வளவுதான். அந்த ஒரு ஆமாவை இத்தனை வருஷம் நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். பிறகு நீ பக்கத்து டவுனில் பி.காம். சேர்ந்தாய். அங்கே மைதானமே கிடையாது. பூட்ஸை யாருக்கோ கொடுத்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். ஏன் கொடுத்தாய் என்று நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு என்ன யோக்கியதை? அவர் உன்னை ஏமாற்றவில்லை, மகனே. அவர் நல்ல மனுஷன். அவரை இனிமேல் திட்டாதே. திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு.

அன்றைக்கு உன்னிடம் ஆமா என்று சொல்லிவிட்டுக் கேம்புக்குத் திரும்பினேன். ரூமில் யாரும் இல்லை. காய்கறி வாங்கப் போயிருந்தார்கள். கதவைச் சாத்தினேன். கட்டிலில் உட்கார்ந்து, போனைக் காதில் வைக்காமல், சுவரைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன்.

“சார், என் பையன் உங்க காலேஜுக்குத்தான் வருவான்.”

திரும்பவும் ஒரு தடவை, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.