கல்லறையோடு நின்ற குழாய்

எப்படி விழ வேண்டும் என்பதை நெவில் டூலன் பதினாறு வயதிலேயே கற்றுக்கொண்டார். ஊர் ஊராகப் போகும் குத்துச்சண்டைக் கூடாரத்தில் அதுதான் முதல் பாடம். கூடார வாசலில் உயரமான பலகை மேடை இருக்கும். அதில் நெவிலைப் போன்ற பழங்குடி இளைஞர்கள் பளபளக்கும் அங்கியோடு வரிசையாக நிற்பார்கள். முதலாளி கீகன் முரசை அடித்து, "கையுறை மாட்ட யாருக்குடா தைரியம் இருக்கு?" என்று கூட்டத்தைச் சீண்டுவார். உள்ளூர்க்காரன் எவனாவது ரோஷப்பட்டு ஏறி வருவான். முதல் சுற்றில் அவனைக் கொஞ்சம் பயமுறுத்த வேண்டும். இரண்டாவதில் அடி வாங்க வேண்டும். மூன்றாவதில் முட்டி போட்டுவிட வேண்டும். அப்போதுதான் அவனுடைய உறவு மொத்தமும் மறுநாள் கூடாரத்துக்குத் திரண்டு வரும்.

சிட்னியிலிருந்து குவீன்ஸ்லாந்து வரை பதினான்கு வருடம் நெவில் இப்படி விழுந்தார். உண்மையாகச் சண்டை போட்டால் அவரைத் தோற்கடிக்க ஆள் கிடையாது. சொந்த ஊரான மரூலாவிலேயே ஒருமுறை கம்பளி வியாபாரி ஒருவரின் மகனான ஹாக்கெட்டிடம் விழுந்தார். ஹாக்கெட் அதை நிஜம் என்றே நம்பினான்.

மூக்கு இரண்டாம் முறை உடைந்தபோது நெவில் ஊருக்குத் திரும்பி ஐவியைக் கல்யாணம் செய்துகொண்டார். மரூலா ஆற்றங்கரையில், தகரக் கொட்டகைகளில், பழங்குடிக் குடும்பங்கள் முப்பது இருந்தன. ஊர்த் தண்ணீர்க் குழாய் கல்லறைத் தோட்ட வாசல் வரை வந்து நின்றுவிட்டது. கல்லறைப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் உண்டு. அதற்கு அரை மைல் தள்ளி இருந்த குழந்தைகளுக்கு ஆறுதான். ஆற்றின் மேல்பக்கம் கம்பளி வியாபாரிகள் ஆட்டுக் கம்பளியை அலசினார்கள்; அந்த அழுக்கு கீழே வந்தது. கோடை வந்தால் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். நெவிலின் மகள் ஜாய்ஸி நாலு வயதுக்குள் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். இன்னொரு கோடையை அவள் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நீ நாலு ஊர் பாத்தவன், வெள்ளைக்காரங்ககிட்ட பேசத் தெரிஞ்சவன். நீயே போய்க் குழாய்க்காகப் பேசு," என்று குடியிருப்பே சேர்ந்து நெவிலை அனுப்பியது.

நகர சபைத் தலைவர் இப்போது அதே ஹாக்கெட். நெவிலைப் பார்த்ததும் சபைக்கே கேட்கும்படி, "இவனை நான் ஒருகாலத்துல மூணாவது ரவுண்டுல சாய்ச்சேன்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நெவிலும் தாடையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "அடுத்த வருஷம் பாக்கலாம், நெவ்," என்றார் ஹாக்கெட். "சரிங்க ஐயா," என்று நெவில் எழுந்துவிட்டார். அடுத்தடுத்து மூன்று கூட்டங்கள் இப்படியே முடிந்தன.

மூன்றாவது தடவை அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் ஐவி கேட்டாள்: "என்ன, இன்னைக்கும் முட்டி போட்டுட்டு வந்தாச்சா?"

"அவரு அடுத்த வருஷம்னு..."

"கூடாரத்துல விழுந்தா உனக்குச் சம்பளம் குடுத்தாங்க. இங்க யாரு குடுக்குறாங்க? சும்மாவே விழுந்துட்டு வர்றியே!"

 உடம்புக்குப் பழகிப்போனதை மனசும் பழகிக்கொண்டுவிட்டது என்று நெவிலுக்கு அப்போதுதான் உறைத்தது.

கோடை தொடங்கும் முன் மரூலாவில் வருடாந்திரக் கண்காட்சி நடக்கும். கீகனின் கூடாரம் வந்தது. கிழவராகிவிட்ட கீகன் நெவிலைக் கட்டிப்பிடித்து, "ஒரே ஒரு சண்டைடா நெவ், பழைய ஞாபகத்துக்காக," என்று கெஞ்சினார்.

"சண்டை வேணாம் பாஸ். முரசை மட்டும் குடுங்க."

மத்தியானம், கூட்டம் நெரியும் நேரத்தில், நெவில் மேடை ஏறினார். பக்கத்தில் ஐவி, கையில் ஒரு வாளியும் கண்ணாடி டம்ளரும். முரசு அதிர்ந்தது.

"இன்னைக்குக் கையுறை கிடையாது! எங்க பிள்ளைங்க தினமும் குடிக்கிற ஆத்துத் தண்ணி இது. மூணு சுத்து இல்ல, மூணே மடக்கு! யாருக்குத் தைரியம் இருக்கு?"

ஒருவரும் அசையவில்லை. நெவிலின் பார்வை கூட்டத்தில் நின்ற ஹாக்கெட் மேல் போய் நின்றது. "ஐயா, என்னைச் சாய்ச்ச ஆளு நீங்க. நீங்க வராம எப்படி?"

கூட்டம் விசிலடித்தது. வேறு வழியில்லாமல் ஹாக்கெட் ஏறினார். டம்ளரில் தண்ணீர் பழுப்பாக இருந்தது. ஒரு கம்பளி இழை மிதந்தது. உதடு வரை கொண்டுபோனார்.

கீழே இருந்து அவர் மனைவி அலறினாள்: "குடிக்காதீங்க! செத்துக்கித்துப் போயிடுவீங்க!"

யாரும் சிரிக்கவில்லை. சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அந்த அம்மாவுக்கே விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள். ஹாக்கெட் டம்ளரை ஐவியிடம் நீட்டிவிட்டுத் தலை குனிந்து நின்றார். மெதுவாக, "குழாய் நாங்க தர்றோம். பள்ளம் தோண்ட ஆளு இருக்கா?" என்றார்.

"நாளைக்குக் காலையிலயே," என்றார் நெவில்.

ஆண்கள், பெண்கள் என்று முப்பது குடும்பமும் கடப்பாரையோடு இறங்கியது. பதினோராவது நாள் குழாயில் முதலில் காற்று சீறியது, பிறகு தண்ணீர் கொட்டியது. ஜாய்ஸி நேராகக் குழாயடியில் தலையைக் கொடுத்தாள். அந்தக் கோடையில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கூட பஸ், நர்ஸ் என்று எது கேட்க வேண்டியிருந்தாலும் குடியிருப்பு நெவிலைத்தான் அனுப்பியது. அவரும் கிடைக்கும்வரை நாற்காலியை விட்டு எழுவதில்லை.

குழாய் திறந்த அன்று ஹாக்கெட்டும் வந்திருந்தார். எல்லோர் முன்னாலும் பழைய கதையை ஆரம்பித்தார்: "இவனை நான் மூணாவது ரவுண்டுல..."

ஐவி நெவிலின் காதில், "இப்பவாவது உண்மையைச் சொல்லேன்," என்றாள்.

நெவில் தாடையைத் தடவிக்கொண்டார். "ஆமாங்க ஐயா, நல்ல குத்து," என்று சொல்லிவிட்டு ஐவி பக்கம் குனிந்து, "அது அவரே வச்சுக்கட்டும். நமக்கு வேண்டியது வந்துடுச்சு," என்றார்.

ஐவி சிரிப்பை அடக்கிக்கொண்டு குழாயடிக்கு வாளியை நகர்த்தினாள்.