போஸ்டரின் மூலையில் ஒரு ஹெட்லைட்

பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேட நான் ஒரு வழி வைத்திருந்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் படிப்பது. லாஸ்பேட்டையிலுள்ள என் அலுவலகத்துக்குப் போகும் வழியில் சுவரிலோ மின்கம்பத்திலோ புதிதாக ஒன்று ஒட்டியிருந்தால் ஸ்கூட்டரை நிறுத்திவிடுவேன். வயது, தெரு, பிள்ளைகள் இருக்கும் ஊர், இவ்வளவும் அதிலேயே இருக்கும். எழுபதைத் தாண்டியவர், பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் பிரான்ஸ் என்று போட்டிருக்கிறது என்றால், அந்த வீட்டின் பின்பக்கம் ஏதாவது ஒரு வண்டி துருப்பிடித்துக் கிடக்க வாய்ப்பு அதிகம். கருமாதி முடிந்து ஒரு வாரம் விட்டுத்தான் போவேன். அதை நாகரிகம் என்று நினைத்திருந்தேன்.

அந்த வழியில், கருவடிக்குப்பத்தில் பார்த்த போஸ்டரில், இறந்தவரின் தோளுக்குப் பின்னால் ஒரு ஹெட்லைட்டும் டேங்கின் முனையும் தெரிந்தன. படத்தை வெட்டியவர் அதைக் கவனித்திருக்க மாட்டார். அந்த டேங்கின் வளைவு எனக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கப்பலில் வந்திறங்கிய சின்ன வண்டி அது. படத்தில்தான் பார்த்திருக்கிறேன், தொட்டதில்லை. இன்னொருவர் முந்திக்கொள்வாரோ என்ற பயத்தில் என் ஒரு வார விதியை விட்டுவிட்டுக் கருமாதி அன்றே போனேன்.

வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். மொட்டைத் தலையோடு மகன் எழுந்து வந்தார்.

"நீங்க அப்பாவுக்கு..."

"வண்டிப் பழக்கம்" என்றேன். வீட்டிலிருந்து கிளம்பும்போதே யோசித்து எடுத்துவந்த சொல் அது. பிறகு யாரும் என்னைப் பொய்யன் என்று சொல்ல முடியாதபடி பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருந்தேன்.

அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "அம்மா, அப்பாவோட வண்டி ஃப்ரெண்டு வந்திருக்காரு."

அந்த அம்மாள் வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பதான் வழி தெரிஞ்சிதா தம்பி?"

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன்.

"ரெண்டு வருஷமா படுத்த படுக்க. சாயங்காலம் ஆனா கேப்பாரு, வண்டிக்காரனுங்க யாராச்சும் வந்தானுங்களான்னு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பீச்சுல கூடி மணிக்கணக்கா பேசுவீங்களே. படுத்ததும் ஒருத்தர் எட்டிப் பாக்கல."

அருகில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் வெற்றிலையை மடித்தபடியே சொன்னார். "சொவுத்துல போஸ்டர் ஒட்டுனாத்தான் இவங்களுக்கெல்லாம் ஞாபகம் வரும், அண்ணி."

அவருக்கு என் வழக்கம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் எனக்கு முகம் எரிந்தது. அந்தக் கூட்டத்தை நான் பார்த்ததுகூட இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் வண்டி போய்விடும். "தப்புதாம்மா" என்றேன், எவர் செய்த தப்புக்கோ.

அந்த அம்மாளின் மனம் இளகிவிட்டது. என்னைப் பந்தியில் உட்கார வைத்துத் தானே பரிமாறினார். "எங்க கூட்டத்துல ஒருத்தன், வடையப் பாத்தா எழுந்திரிக்க மாட்டான்னு சொல்லிச் சிரிப்பாரு. நீங்கதானா அது?"

"ஆமாம்மா."

வடைகள் இலையில் விழுந்துகொண்டே இருந்தன. எனக்கு எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்கொள்ளாது. ஒன்றையும் மிச்சம் வைக்காமல் தின்றேன்.

கை கழுவியதும் அவரே என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய்த் தார்ப்பாயை விலக்கினார். நான் நினைத்த வண்டிதான். "பசங்களுக்கு இதோட அரும தெரியாது. நாளைக்கே பழைய இரும்புக்காரனக் கூப்புடுவானுங்க. நீங்க எடுத்துட்டுப் போங்க. அவரோட ஃப்ரெண்டுகிட்ட இருந்தா எனக்கு நிம்மதி." பணம் என்று நான் வாயைத் திறந்ததும் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறே சின்ன யானை வேனில் ஏற்றி வந்துவிட்டேன். அன்றைய நாட்குறிப்பில் வண்டி கிடைத்தது என்று மட்டும் எழுதினேன். வழக்கமாக யார் வீடு, என்ன பேசினோம் என்பதையெல்லாம் எழுதுகிறவன் நான்.

எஞ்சினைத் திறக்கும்போது பிஸ்டன் இறுகியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். அத்தனை காலம் நின்ற வண்டியில் அதுதான் நடக்கும். ஆனால் கிக்கரைக் கையால் அழுத்தியபோதே அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. உள்ளே எண்ணெய் பளபளத்தது. என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். டேங்குக்குள் சிறு போல்ட்டுகளைப் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தேன். கழற்றிய ஒவ்வொன்றையும் ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டுப் பெயர் ஒட்டினேன். கார்புரேட்டரைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பூட்டினேன். வேலை சுத்தமாகத்தான் நடந்தது. நான்தான் சுத்தமாக இல்லை. அந்த அம்மாள் இடையிடையே போன் செய்து, "ஓடுதா தம்பி?" என்பார். இன்னும் கொஞ்ச நாள் என்று சொல்லிச் சட்டென்று வைத்துவிடுவேன்.

வண்டி ஓடத் தொடங்கியதை நானே போன் செய்து சொன்னதும், "ஒரு தரம் வாசலுக்குக் கொண்டாங்க. சத்தத்தக் கேக்கணும்" என்றார்.

கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் படியில் நின்று வண்டியை வெகுநேரம் பார்த்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

"போன மாசம் கடலூர்லேருந்து ஒருத்தரு வந்தாரு. லேட்டாத்தான் விஷயம் தெரிஞ்சிதாம். வாசல்லயே ஒக்காந்து கொழந்த மாதிரி அழுதாரு. மனசு கேக்காம நாலு வடை சுட்டுப் போட்டேன். அழுதுகிட்டே அம்புட்டையும் சாப்ட்டாரு."

"அம்மா, நான் வந்து..."

"தெரியும். உங்களப் பத்தி அவருகிட்ட கேட்டேன். அப்படி ஒரு ஆளு எங்க கூட்டத்துலயே இல்லயேன்னாரு."

"வண்டிக்காகத்தாம்மா வந்தேன். போஸ்டர்ல பாத்துட்டு."

திட்டுவார் என்று நின்றேன். வண்டியைத் திரும்பக் கேட்பார் என்றும் நினைத்தேன். கேட்டிருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே போயிருப்பேன். அது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இந்த வழியாத்தான் தெனம் ஆபீஸ் போறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"அதோ, அந்த ஜன்னலுக்குப் பின்னாலதான் படுத்திருந்தாரு. எஞ்சினு இறுகிடும், மாசம் ஒருதரம் ப்ளக்கக் கழட்டி எண்ண ஊத்துன்னு அங்கேருந்தே கத்துவாரு. நான்தான் ஊத்துனேன். வண்டியப் பாக்கணும்னு முன்பின் தெரியாத ஆளு யாராவது வந்திருந்தாக்கூட எழுந்து ஒக்காந்திருப்பாரு தம்பி. நீங்களே வந்திருக்கலாம். ஃப்ரெண்டுன்னு சொல்லணும்கற அவசியமே இல்ல."

போஸ்டர் ஒட்டும் வரை அந்த ஜன்னலை நான் ஒரு முறைகூட ஏறிட்டுப் பார்த்ததில்லை. என் வழியில் உயிரோடு இருப்பவர்களுக்கு இடமே இல்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

முதல் உதையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் தூணில் கை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு எதிர் வீட்டுப் பெண் வெளியே எட்டிப் பார்த்தாள். "யாரும்மா அது, ஐயாவோட வண்டியில?"

அவர் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். "அவரோட ஃப்ரெண்டு."

நான் மறுத்திருக்க வேண்டும். எஞ்சின் சத்தத்தில் காதில் விழாதவன் போல ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டு கிளம்பினேன்.